திரும்பி வந்த கைப்பிரதி

ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911இல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பெர்னூலி எண்களைப் பற்றியது. அச்சேறுவதற்கு முன் அந்தக் கைப்பிரதி அவருக்கும் இதழாசிரியருக்கும் இடையே பலமுறை போய்வந்தது. ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ராமானுஜனின் வழிகள் புத்தம் புதியவை, ஆனால் இடையில் பல படிகளைச் சொல்லாமலே தாவிவிடுபவை. பழக்கமில்லாத வாசகரால் பின்தொடர முடியாது என்பது ஆசிரியரின் கணிப்பு. அதற்காகக் கட்டுரையை ஒதுக்கிவிடவில்லை. பொறுமையாகத் திருத்தி வாங்கினார்.

அச்சான கட்டுரையில் எட்டுத் தேற்றங்கள். மூன்றுக்கு ராமானுஜன் நிரூபணம் காட்டுகிறார்; இரண்டு மற்றவற்றிலிருந்து கிளைப்பவை; மீதி மூன்றையும் ஊகங்களாகவே வைக்கிறார். நிரூபித்தது இது, நம்புவது இது என்று பிரித்துக் காட்டும் அந்த நேர்மை எத்தனை அழகு!

ஆய்வுக் கட்டுரையை அச்சுக்குக் கொண்டுவரும் இந்தக் கலையில் பத்திரிகை ஆசிரியரின் பங்கை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர். 1952 முதல் 1971 வரை ‘ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்’ அவர் பொறுப்பில் இருந்தது. சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது என்று யூஜின் பார்க்கர் எழுதியனுப்பிய கட்டுரையை மதிப்பாய்வாளர்கள் இருவருமே நிராகரித்தார்கள். சந்திரசேகருக்கும் பார்க்கரின் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் குறிப்பிட்ட பிழை எதையும் அவர்கள் சுட்டவில்லை என்று பார்க்கர் எடுத்துச் சொன்னதும், பிரசுரிக்க ஒப்புக்கொண்டார். கட்டுரை 1958இல் வந்தது. 1962இல் மரைனர் 2 விண்கலம் அந்தக் காற்றை அளந்தே காட்டிவிட்டது. தனக்கு ஒப்பாத கருத்துக்கும், கணக்கில் தப்பில்லை என்றால் இடம் கொடுப்பது பெரிய மனசு.

ஆசிரியர்களைப் பற்றி இவ்வளவு. எழுதுபவரின் திறமை தெரிகிற இடம், திருத்திய கட்டுரையோடு இணைத்து அனுப்பும் பதில் கடிதம். மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எடுத்தெழுதி, கீழே பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரி மாறியது என்ற குறிப்பு. உடன்படாத இடத்தில் காரணமும் கணக்கும். பெரும்பாலும் வெளியிடப்படாத, மூன்று நான்கு பேர் மட்டுமே படிக்கிற எழுத்து அது. நல்ல கடிதம் ஒன்றைப் படித்தால், கட்டுரையைவிட அதில்தான் ஆய்வாளரின் மனம் துலங்கும்.

அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்களின் நீர்த்தரத்தைப் பற்றி ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். “தண்ணீரை எந்த மாதத்தில் எடுத்தீர்கள்?” என்று ஒரே வரியில் கேள்வி வருகிறது. ‘தக்கபடி திருத்தியுள்ளோம்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். தேர்ந்த கை அப்படிச் செய்யாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, கண்மாய் நிறைந்திருந்த காலத்தில் எடுத்த மாதிரிகள் என்பதைச் செய்முறைப் பகுதியில் சேர்க்கும். கோடையில் தண்ணீர் வற்றி உப்பு செறியும்போது அளவுகள் வேறாகலாம் என்று முடிவுரையில் ஒரு வாக்கியம் எழுதும். கடைசியாகத் தலைப்புக்கே போய், ‘மழைக்குப் பிந்தைய’ என்ற இரண்டு சொற்களை முன்னால் சேர்க்கும்.