குகேஷ் வெற்றியில் மனதுக்கு எத்தனை மதிப்பெண்?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரின் செந்தோசா தீவு. உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் ஆறரைப் புள்ளிகளில் சமம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் அது டிராவில் முடியவேண்டிய நிலைதான். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தன் ரூக்கை குகேஷின் ரூக்குக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார். டிங்கின் பிஷப்போ பலகையின் மூலையில் முடங்கிக் கிடந்தது. ரூக்குகள் வெட்டுப்பட்டால் அடுத்து பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள குகேஷால் கட்டாயப்படுத்த முடியும். அதன்பின் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும். அங்கே கூடுதல் சிப்பாய் உள்ளவருக்கே வெற்றி. மூன்றே நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயது சென்னைப் பையன் உலக சாம்பியன்.

மறுநாள் முதல் நாம் படித்த விளக்கம் ஒன்றுதான்: மன வலிமை. குகேஷோடு பணியாற்றிய மனப்பயிற்சியாளர் பேடி அப்டனின் பெயர் எல்லாக் கட்டுரைகளிலும் வந்தது. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியோடும் இருந்தவர் அவர். குகேஷே அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். அந்த நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் நன்றி வேறு, நிரூபணம் வேறு. மன வலிமைதான் வென்று தந்தது என்ற கூற்று சோதனைக்குத் தாங்குமா?

எண்களில் தொடங்குவோம். போட்டிக்கு முன் குகேஷின் ரேட்டிங் 2783, டிங்கின் ரேட்டிங் 2728. இந்த 55 புள்ளி இடைவெளிக்கு, ரேட்டிங் கணக்குப்படி குகேஷ் ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரியாக 0.58 புள்ளி எடுக்கவேண்டும். 14 ஆட்டங்களுக்கு ஏறக்குறைய 8.1. அவர் எடுத்தது 7.5. அதாவது, பலம் கூடியவர் வென்றார். எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். ஆட்டத்திறனுக்கு மேலே மனம் கூட்டித்தந்த உபரி என்று இந்தக் கணக்கில் எதுவும் தென்படவில்லை.

உபரி தெரிவது எதிர்ப்பக்கத்தில். உலகப் பட்டம் வென்றபின் மனச்சோர்வோடு போராடியதை வெளிப்படையாகச் சொன்னவர் டிங். பல மாதங்களாக ஒரு கிளாசிக்கல் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் சிங்கப்பூருக்கு வந்தார். எளிதாக நொறுங்கிவிடுவார் என்று பேசினார்கள். அவரோ முதல் ஆட்டத்தையே கறுப்புக் காய்களோடு வென்றார். 11ஆவது ஆட்டத்தில் பெரும் பிழை செய்து தோற்று, மறுநாளே 12ஆவது ஆட்டத்தில் அப்பழுக்கில்லாமல் ஆடி வென்று சமன் செய்தார். எதிர்பார்ப்பைத் தாண்டியதுதான் மன உறுதிக்கு அளவுகோல் என்றால், அந்தப் பட்டம் தோற்றவருக்கே சேரும். ஆனால் அவரைப் பற்றி அப்படி யார் எழுதினார்கள்?

ரேட்டிங்கை வைத்து நான் சொல்வதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ரேட்டிங்கிலேயே மனமும் கலந்திருக்கிறதே? பதற்றத்தில் உடையாமல் பல ஆண்டுகள் ஆடித்தானே 2783ஐ எட்ட முடியும்? உண்மைதான். ஆனால் அந்த அளவுக்கு மனம் இந்த உயரத்தில் ஆடும் எல்லோரிடமும் இருக்கிறது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்று, இருவரில் ஒருவர் வென்றதற்குக் காரணமாக முடியாது.

விளையாட்டு உளவியல் ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. மீண்டெழும் தன்மை பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஃபிளெட்சர், சர்க்கார் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் பேட்டி கண்டது 12 ஒலிம்பிக் சாம்பியன்களை. சாம்பியன்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை அறிய அது பயன்படும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் வென்றதற்கு அந்தச் சிந்தனைதான் காரணம் என்று காட்ட, வெள்ளி வாங்கியவரையும் நான்காமிடத்தில் நின்றவரையும் அதே கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவர்களும் அதே பதில்களைச் சொல்லியிருந்தால்? போதாததற்கு, வென்றபின் ஒருவர் தன் கடந்த காலத்தை நினைவுகூரும்போது ஒவ்வொரு தோல்வியும் ஒரு படிக்கட்டாகவே தெரியும். பயிற்சியாளர்களின் பெயரையும் இப்படித்தான் நினைவு வைக்கிறோம். 2022 டி20 உலகக் கோப்பையிலும் அப்டன் இந்திய அணியோடு இருந்தார். அடிலெய்டு அரையிறுதியில் இங்கிலாந்திடம் 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். அந்தத் தோல்வியை யாரும் அவர் கணக்கில் எழுதவில்லை, எழுதவும் கூடாது. அப்படியானால் வெற்றியை மட்டும் எழுதுவது எப்படி நியாயம்?

மன வலிமை பிறவிக்குணம் போல நிலையாக ஒருவரிடம் இருப்பதும் இல்லை. 2023இல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் நெப்போம்னியாச்சியிடம் மூன்று முறை பின்தங்கி, மூன்று முறையும் சமன் செய்து, ரேபிட் டைபிரேக்கில் பட்டம் வென்றவர் இதே டிங்தான். அப்போது அவர் இரும்பு மனம் கொண்டவர். 20 மாதம் கழித்து ஒரு ரூக்கைத் தவறான கட்டத்தில் வைத்ததும் பலவீனர் ஆகிவிட்டார். குகேஷும் பட்டம் வென்ற மறு ஆண்டு சமர்கண்டில் நடந்த கிராண்ட் சுவிஸ் போட்டியில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள் தோற்றார். மனம் எங்கும் போய்விடவில்லை. முடிவுகள் ஏறி இறங்கின. அவ்வளவே.

அப்படியானால் சிங்கப்பூரில் மனதுக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதைத் தேடவேண்டிய இடம் வெற்றிக்குப் பிந்தைய பேட்டி அல்ல, ஆட்டக்குறிப்பு. 6ஆவது ஆட்டத்தில் குகேஷின் நிலை சற்றுத் தாழ்ந்தே இருந்தது. ஒரே நிலையை மீண்டும் மீண்டும் கொண்டுவந்து டிரா செய்ய வாய்ப்பிருந்தும் அதை மறுத்துத் தொடர்ந்தார். கடைசி ஆட்டத்திலும் அதுதான். டிங்குக்கு டைபிரேக் வரை போனால் போதும் என்றிருந்தது. குகேஷ் ஆபத்தில்லாத அந்த ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் ஆடிக் களைத்திருந்த எதிராளி ஒவ்வொரு முறையும் யோசித்தாக வேண்டிய கட்டாயத்தை நீட்டித்துக்கொண்டே போனார். பிழை டிங்குடையது. பிழைக்கான வாய்ப்புகளைப் பெருக்கியது குகேஷ். இதைப் பயிற்சியால் வளர்க்க முடியும், எண்ணிப் பார்க்கவும் முடியும். எத்தனை முறை டிராவை மறுத்தார், எத்தனை முறை அது பலித்தது, எத்தனை முறை திருப்பி அடித்தது என்று யார் வேண்டுமானாலும் குறிப்புகளைப் பார்த்துச் சொல்லலாம்.

ஆகவே என் தீர்ப்பு: மனப்பயிற்சி குகேஷை ஐந்தாம் மணி நேரத்திலும் பலகையை விட்டு எழாமல் வைத்திருக்க உதவியது என்றால் ஏற்கலாம், உலக சாம்பியன் ஆக்கியது என்றால் ஆதாரம் போதாது. குழந்தைகளுக்கு மனப்பயிற்சி என்று கட்டணம் கேட்கும் அகாடமியிடம், பெற்றோரே, ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களிடம் பயின்று வென்றவர்களைக் காட்டுகிறீர்கள், பயின்றும் தோற்றவர்கள் எத்தனை பேர்? அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தை நல்ல செஸ் பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.