சொல் இழந்தால் இரும்பு

வாஷிங்டனில் 2016 செப்டம்பர் 24 அன்று திறக்கப்பட்ட தேசிய ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுவோர் அதன் கட்டடத்தைப் புகழ்ந்தே தொடங்குவர். யொரூபா மரச்சிற்பத்தின் மகுடத்தை நினைவூட்டும் மூன்றடுக்கு வெண்கல நிறப் புறவடிவம் அப்புகழுக்குத் தகுதியானதே. எனினும் இந்நிறுவனத்தை மதிப்பிட விழையும் நாம் மேலே அன்று, கீழே நோக்க வேண்டும். கட்டடத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி நிலத்துக்கு அடியில் உள்ளது. மின்தூக்கியில் இறங்குவோரின் கண்முன் ஆண்டுகள் பின்னோக்கி நகர்ந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்களைக் கொண்டுபோய் விடுகின்றன.

கீழே, சில இரும்புக்கட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. 1794 டிசம்பரில் கேப் டவுன் அருகே உடைந்து மூழ்கிய சாவோ ஜொசே என்னும் போர்த்துக்கீசக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவை அவை. மொசாம்பிக்கிலிருந்து நானூறுக்கு மேற்பட்ட அடிமைகளைப் பிரேசிலுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் அது. ஏறத்தாழப் பாதிப்பேர் கடலில் மாண்டனர். பிழைத்தோர் மீண்டும் விற்கப்பட்டனர். இதில் இரும்புக்கு என்ன வேலை? மனித உடல் சரக்கு மூட்டையைப்போலக் கனப்பதில்லை. அசையும், மெலியும், வழியிலேயே மடியும். கப்பல் நிலைகுலையாதிருக்க, அந்த எடைக்குறைவை இரும்பு ஈடுசெய்தது. இதனை அறிந்தவர் அந்தத் துருவில் ஒரு வணிகனின் கணக்கைக் காண்பார். அறியாதவர்க்கு அது பழைய இரும்பு, அவ்வளவே.

காத்தலும் கற்பித்தலும் ஒரே பணியின் இரு பெயர்கள் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. நாம் அவ்வாறு கருதவில்லை. பொருளைக் காக்கக் கண்ணாடிப் பேழை போதும். அப்பொருளின் பொருளைக் காக்க, பக்கத்தில் நான்கு வரி வேண்டும். அந்த நான்கு வரியை யார் எழுதுவது என்பதே இந்த அருங்காட்சியகத்தைச் சுற்றி இன்று நிகழும் வழக்கு.

வழக்கு பழையது. உள்நாட்டுப் போரில் பங்கேற்ற கறுப்பினப் படைவீரர்கள் 1915இல் எழுப்பிய கோரிக்கை, 2003இல்தான் சட்டமாயிற்று. லானி பஞ்ச் 2005இல் பொறுப்பேற்றபோது கட்டடமும் இல்லை, காட்சிப்பொருளும் இல்லை. அவருடைய குழுவினர் ஊர் ஊராகச் சென்று, குடும்பங்கள் பெட்டியிலும் பரணிலும் வைத்திருந்தவற்றைக் கொண்டுவரச் செய்து, அவற்றைப் பேணும் முறையைக் கற்பித்தனர். பலர் தம் பொருள்களை மனமுவந்து ஈந்தனர். அரசு மறந்ததை வீடுகள் மறக்கவில்லை. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் முதல் சவப்பெட்டி, 2005இல் உடல் தோண்டியெடுக்கப்பட்டு வேறு பெட்டியில் அடக்கப்பட்டபின், மயானக் கொட்டகையொன்றில் சிதைந்து கிடந்தது. குடும்பத்தார் அதனை 2009இல் வழங்கினர். மகனின் சிதைந்த முகத்தை நாடே காணும்படி அன்று பெட்டியைத் திறந்து வைத்தவர் அவன் தாய். அதற்கு அருங்காட்சியகம் செய்த விளக்கவுரையாகவே நாம் இக்கூடத்தைக் கொள்கிறோம். அங்கே படமெடுக்க அனுமதியில்லை என்பதும் நன்று.

2025 மார்ச் 27 அன்று வெளியான அதிபர் ஆணை, பிளவுபடுத்தும் கருத்தியலைப் பரப்புவதாக இந்நிறுவனத்தைப் பெயர் சொல்லியே குற்றஞ்சாட்டியது. ஆகஸ்டில் வெள்ளை மாளிகை, இது உள்ளிட்ட எட்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களின் காட்சிக்குறிப்புகளை ஆராயப்போவதாகக் கடிதம் விடுத்தது. அருங்காட்சியகம் பிழையே செய்ததில்லை என நாம் வாதிடவில்லை. கடின உழைப்பு, தனிமனித முயற்சி முதலியவற்றை வெள்ளையர் பண்பாட்டின் கூறுகளென வகைப்படுத்திய ஓர் அட்டவணையை 2020இல் அது இணையத்தில் வெளியிட்டதும், கண்டனம் எழுந்தபின் விலக்கிக்கொண்டதும் உண்மை. அது நுனிப்புல் மேய்ந்த வேலை. ஆயினும் ஓர் அட்டவணையைத் திருத்துவது வேறு, சுவர்க்குறிப்புகள் அனைத்தையும் ஆட்சியாளரின் மேசைக்கு அழைப்பது வேறு. இரும்புக்கட்டியை எவரும் கடலில் மீண்டும் வீசப்போவதில்லை. அதன் அருகிலுள்ள வாக்கியத்தை மாற்றினாலே போதும்.

சுவர்க்குறிப்பை எதிர்பாராமல், தானே பேசும் பொருளும் உண்டு. ஃபூட்டா தோரோ பகுதியின் கல்விமான் உமர் இப்னு சயீத் 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். 1831இல் அவர் அரபியில் எழுதிய தன்வரலாறு இந்த அருங்காட்சியகத்தில் இல்லை. அதே நகரின் காங்கிரஸ் நூலகம் 2017இல் அதனை வாங்கிற்று. சூரத்துல் முல்க்குடன் அது தொடங்குகிறது. ஆட்சியையும் உடைமையையும் இறைவனுக்கே உரித்தாக்கும் அத்தியாயம் அது. முல்க் என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்துதான் உடைமையாக்கப்பட்டவன் எனப் பொருள்படும் மம்லூக் என்ற சொல்லும் பிறந்தது. ஒரு மம்லூக் தன் கதையை முல்க்கில் தொடங்கியதன் கூர்மையை, கிறிஸ்தவம் தழுவிய நல்லடிமை என்றே அவரை விவரித்துவந்த காலம் கவனிக்கவில்லை. 1925இல் அச்சான மொழிபெயர்ப்பு இருந்தும், அலா அல்ரய்யிஸின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு போன்ற முயற்சிகளே அப்பக்கங்களை அவற்றின் சொந்த மொழியின் ஆழத்தில் வைத்துப் படித்தன.

ஆக, தானே பேசும் பொருளுக்கும் வாசகன் வேண்டியிருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நூலகம் 2019 முதல் அக்கையெழுத்துப்படியை இணையத்தில் யாவருக்கும் திறந்து வைத்துள்ளது. அரபி எழுத்தறிந்த எவரும் அதன் முதல் வரிகளை இன்றிரவே படிக்கலாம்.