ஒரே கையின் இரு சாட்சியங்கள்

அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கொலம்பஸ் நினைவு விடுமுறை நாள். 1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இத்தாலிய வம்சத்தினர் 11 பேர் கும்பலொன்றால் கொல்லப்பட்டனர். இகழப்பட்ட அக்கத்தோலிக்க மக்களுக்குக் கொலம்பஸின் புகழ் தலைநிமிர்வைத் தந்தது. பெர்க்லி நகரமோ 1992 முதல் அதே நாளைப் பூர்வகுடி மக்களின் நாளாகக் கொண்டாடுகிறது.

எப்பக்கம் சாய்வதென மயங்கும் நாம், தொமினிக்கன் சபைத் துறவியும் சியாப்பாஸ் ஆயருமான லாஸ் காஸாஸ் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘இண்டீஸ் வரலாறு’ என்னும் நூலை நோக்குதல் நன்று. கொலம்பஸின் முதற்பயண நாட்குறிப்பு, இவர் எழுதிவைத்த சுருக்கத்தின் வாயிலாகவே நமக்குக் கிட்டியது. கொலம்பஸை இறைத்திட்டத்தின் கருவி எனப் போற்றும் இவரே, தீவு மக்களை அடிமைகளாக்கிய அவரது குற்றத்தையும் மறையாது பதிகிறார். இவர் தரும் எண்ணிக்கைகள் சில மிகையானவை என்னும் குறை உண்டு. ஆயினும், ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணருமாறு தாமே முன்னர்ப் பரிந்துரைத்ததையும் ஒப்புக்கொண்டு வருந்துகிறார். நூலின் வலிமை இதிலேதான் உள்ளது.

விடுமுறை நாள் இவ்வாறு பேசுவதில்லை. புகழை மட்டுமே உரைக்கிறது. பாவ அறிக்கையின் பொருளை அறிந்த நாம், குற்றத்தை மறைத்த புகழுரையை மரியாதையெனக் கொள்ளலாமா? நம்மவரைப் போற்றும்போது, அவரால் அழுதவரையும் நினைப்போம்.