பறவை எந்த வயலில் இறங்கியது?

குற்றாலக் குறவஞ்சி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது குரங்குகள்தான். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் செய்த வேலை அது. மலைவளம் சொல்லும் அந்த ஒரு பாட்டைத் தாண்டிப் போனவர்களும் வசந்தவல்லியின் பந்தாட்டம், குறத்தி சொன்ன குறி என்பதோடு நின்றுவிடுகிறார்கள். சிங்கன் பறவை பிடிக்க வரும் பின்பகுதியை வேடிக்கைக்காக ஒட்டவைத்தது என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இன்றைக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு தென்காசிப் பக்கம் அலைகிற யாரும் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பின்பகுதியைத்தான்.

சாரல் காலத்தில் நம் போன்களுக்கு வந்து சேரும் படங்களை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, பறவை. 600 எம்எம் லென்ஸில் எடுத்தது. ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரியும். பின்னால் இருப்பதெல்லாம் உருகி வழிந்த பச்சை. அது வயலா, குளமா, லேஅவுட் போட்ட மனையா என்று சொல்ல முடியாது. இன்னொன்று, கோயில். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரம், அதன் பின்னால் மேகம். கீழே இருக்கும் கடைவீதி, ஆட்டோ, வயர் எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். குற்றாலம் வந்தவர்கள் அப்படியே கன்னியாகுமரிக்கும் போய், விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகிலிருந்து எடுக்கிற படங்களிலும் இதே கதைதான். 133 அடி வள்ளுவர், குறுக்கே பறக்கும் ஓர் ஆலா. அலை இருக்கும், கரை இருக்காது. எல்லாமே அழகான படங்கள். ஆனால் எந்தப் படத்தையும் எந்த ஊருக்கும் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது சிங்கனுக்கு வருவோம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் அவனுக்கு மூன்று கட்டம் வைத்திருக்கிறார். பறவைகள் வருகின்றன, மேய்கின்றன, போய்விடுகின்றன. வருகிறபோது பெயர்கள் அடுக்கடுக்காக விழுகின்றன: புறா, ஆந்தை, மீன்கொத்தி, மரங்கொத்தி, நாகணவாய், உள்ளான். மேய்கிறபோதுதான் விஷயமே இருக்கிறது. பறவை எங்கே இறங்கியது என்று சிங்கன் இடம் இடமாகச் சொல்கிறான். குற்றாலநாதருக்கு உரிய பற்றுகள், வயல்கள், குளங்கள் எல்லாம் பெயரோடு வருகின்றன. பறவை, நிலம், நிலத்துக்கு உரிய கோயில் மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. நாம் தனித்தனி ஆல்பமாகப் பிரித்து வைத்திருப்பதை அவர் பிரிக்கவே இல்லை.

இதை ரொம்பவும் புனிதப்படுத்த வேண்டாம். சிங்கன் வந்தது கண்ணி வைத்துப் பிடிக்க, ரசிக்க அல்ல. அவன் பட்டியலில் சகோரமும் அன்னமும் இருக்கின்றன, அவை வயலிலிருந்து வந்தவை அல்ல, கவிமரபிலிருந்து வந்தவை. நிலப்பட்டியலிலும் கணக்குப்பிள்ளையின் வாடை அடிக்கிறது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலமே மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயர் குறவஞ்சி மேடு. வயல்களைப் பாடியவருக்கு வயலே சம்பளம்! ஆனாலும் கணக்கில் ஏறிய குளம் காணாமல் போனால் யாராவது கேட்பார்கள். மங்கலான பச்சையை யார் தேடுவார்கள்?

குற்றாலத்துக்குள்ளேயே இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை. மற்ற நான்கிலும் கூத்தன் திருமேனியாக நிற்கிறார். இங்கே மட்டும் சுவரில் ஓவியமாக இருக்கிறார். படமே சாமி. ஆனால் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. அது ஒரு சுவரில் இருக்கிறது, சுவர் ஒரு சபையில், சபைக்கு முன்னால் ஒரு தெப்பக்குளம். பார்க்க வேண்டுமானால் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். இடத்தை விட்டுப் பிரியாத படம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

‘அதெல்லாம் மலைக்கோட்டை காலத்துக் கதை, போட்டோ என்றால் அதன் இலக்கணம் வேறு’ என்று சொல்வதற்கும் வழியில்லை. திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன் வாழ்நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளையில்தான் விலங்குகளைப் படம் எடுத்தார். பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கிண்டலாகப் பேர் வைத்தவர். அவர் படங்களில் யானை நிற்கும் புல்லும் மரமும் யானை அளவுக்கே முக்கியம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். பறவையைப் பார்ப்பதும் அதைப் பற்றி எழுதுவதும் அவருக்கு ஒரே வேலைதான்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? குற்றாலத்துக்கு மேலே பிறக்கிற சிற்றாறு வழியெல்லாம் குளங்களை நிரப்பிக்கொண்டு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. உள்ளான்களும் கடற்கரைச் சேற்றுக்கும் உள்நாட்டுக் குளத்துக்கும் பொதுவான விருந்தாளிகள்; வலசைக்காரர்கள். ஒரு குளம் தூர்ந்தால் கண்ணி ஒன்று அறுந்த மாதிரி. இந்தக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அவர்கள் தாளில் முதலில் எழுதுவது குளத்தின் பெயர், அப்புறம்தான் பறவையின் பெயர். கவிராயரின் வாரிசுகள் அவர்கள்தான்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ‘இடத்தைச் சொன்னா மறுநாளே பத்து கேமரா வந்து நிக்கும், கூடு கலைஞ்சுரும்’ என்பார்கள். கூடு கட்டும் பறவைக்கு அது சரி, மறைக்கத்தான் வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கில் நீர்ப்பறவை இறங்குகிற குளம் ரகசியம் இல்லை. அதை ரகசியமாக வைத்தால் லாபம் பறவைக்கு இல்லை, கரையை வெட்டிப் பிளாட் போடுகிறவருக்கு.

வேடிக்கை என்னவென்றால், கேமரா இடத்தைத் தானாகவே எழுதி வைக்கிறது. தேதி, நேரம், லென்ஸ், ஜிபிஎஸ் இருந்தால் அட்சரேகைகூட. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதும் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். மிச்சம் இருப்பது ஒரு பறவையும் ‘இயற்கையின் அற்புதம்’ என்ற தலைப்பும். மெஷின் எழுதியதை மெஷின் அழிக்கிறது. ஒரு வரி கைப்பட எழுதினால் அது நிற்கும். பறவையின் பெயர், குளத்தின் பெயர், மாதம். கூடவே சட்டகத்தைக் கொஞ்சம் விரித்து, அந்த மதகையும் கரைமேல் இருக்கும் சாஸ்தா பீடத்தையும் உள்ளே விட்டால் இன்னும் நல்லது.

சிங்கியின் நினைப்பில் கவனம் சிதறிய சிங்கனுக்குக் கடைசியில் பறவைகள் கிடைக்கவில்லை. முன்னூறு வருஷம் கழித்தும் நமக்குக் கிடைத்திருப்பது, அவை இறங்கிய இடங்களின் பட்டியல். நம் ஹார்ட் டிஸ்க்கில் பறவை பத்திரமாக இருக்கிறது. அது இறங்கிய இடம்தான் இல்லை.