படம் வந்தது, இடம் வந்ததா?

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் நடராஜர் சிலை களவு போனது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உள்ள கலைக்கூடம் ஒன்று 2001-இல் அதை விலைக்கு வாங்கியது. அது நம் ஊர்ச் சிலைதான் என்று நிறுவ உதவிய சான்றுகளில் ஒன்று, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருந்த 1958-ஆம் ஆண்டுப் புகைப்படம். எந்த ஊர், எந்தக் கோயில் என்பது தெரியாமல் போயிருந்தால் அது ஏதோ ஒரு நடராஜர் படமாகவே பெட்டிக்குள் கிடந்திருக்கும். 2019 செப்டம்பரில் சிலை தமிழ்நாடு திரும்பியது.

அன்று ஆள் உட்கார்ந்து எழுதிவைத்த இடக்குறிப்பை இன்று கருவியே எழுதிவிடுகிறது. கேமராவோ செல்போனோ உருவாக்கும் படக்கோப்பில் பொதுவாக எக்ஸிஃப் என்ற தகவல் பகுதி உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் எல்லாவற்றையும் அதில் பதிய முடியும். கல்லிடைக்குறிச்சி என்றால் ஏறத்தாழ வடக்கு 8.68, கிழக்கு 77.47. செல்போனில் எடுத்தால், லொக்கேஷன் அனுமதி கொடுத்திருக்கும் வரை இது தானாக நடக்கும். நல்ல கேமராவில் எடுத்துச் செல்போனுக்கு மாற்றும்போதுதான் சிக்கல். இன்று விற்கும் பெரும்பாலான மிர்ரர்லெஸ் கேமராக்களுக்குள் ஜிபிஎஸ் கிடையாது. இடக்குறிப்பை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கொடுத்தது வழியில் தொலையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாமிரபரணிப் பாலம், கன்னடியன் கால்வாய்க் கரை, ஆதிவராகப் பெருமாள் கோயில் சுற்றுவட்டாரம், அப்பளம் காயும் மாடிகள் என்று நடந்து நடந்து மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்தேன்.

முதல் வழி: கேமரா நிறுவனத்தின் செயலி

நிக்கானுக்கு ஸ்னாப்பிரிட்ஜ், கேனானுக்கு கேமரா கனெக்ட், சோனிக்கு கிரியேட்டர்ஸ் ஆப், ஃபியூஜிஃபில்முக்கு எக்ஸ்ஆப் என்று எல்லோரிடமும் செயலி இருக்கிறது. செல்போன் தன் ஜிபிஎஸ் புள்ளியை ப்ளூடூத் வழியே கேமராவுக்கு அனுப்பும். ஷட்டரை அழுத்தும் நொடியில் கேமரா அதைப் படத்துக்குள் எழுதிவிடும். பிறகு படத்தைச் செல்போனுக்கு எந்த வழியில் மாற்றினாலும் குறிப்பு கூடவே வரும் என்பது இதன் பெரிய பலம்.

பலவீனம், பையில் கிடக்கும் செல்போன். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகச் செல்போன் அந்தச் செயலியை உறங்க வைத்துவிடுகிறது. புதுப் புள்ளி வராததால் கேமரா பழைய புள்ளியையே எழுதுகிறது. நான் சோதித்த ஒரு கேமராவில், ஆற்றங்கரையில் எடுத்த படங்களில் ரயில் நிலையத்துப் புள்ளி விழுந்திருந்தது. குறிப்பு இல்லாத படத்தைவிடத் தவறான குறிப்புள்ள படம் மோசமானது. பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.

இதற்கு மருந்து செல்போன் செட்டிங்ஸில் இருக்கிறது. செயலிக்கு லொக்கேஷன் அனுமதியை ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள். துல்லியமான இருப்பிடம் என்ற தேர்வை ஆன் செய்யுங்கள். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். கேமராவை ஆன் செய்ததும் திரையில் லொக்கேஷன் சின்னம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படம் எடுங்கள். இவற்றைச் செய்த பிறகு என் படங்களில் புள்ளி பெரும்பாலும் நான் நின்ற இடத்திலேயே விழுந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். சில செயலிகள் படங்களைத் தானாக அனுப்பும்போது இரண்டு மெகாபிக்சல் நகலைத்தான் அனுப்பும். இடக்குறிப்பு இருக்கும், படத்தின் நுணுக்கம் இருக்காது. முழு அளவு என்ற தேர்வை நாமே தேடி ஆன் செய்ய வேண்டும்.

இரண்டாம் வழி: கார்டு ரீடர்

டைப்-சி முனையுள்ள சாதாரண கார்டு ரீடர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெமரி கார்டை அதில் செருகிச் செல்போனில் மாட்டினால் கோப்பு அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல், நகலாகிறது. சுருக்கல் இல்லை, வைஃபை இணைப்புக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மாற்றும் வேலையில் நான் பார்த்தவரை இதைவிட நம்பகமானது வேறில்லை. ஆனால் இருப்பதை மட்டுமே இது கொண்டுவரும். கேமரா இடத்தை எழுதாமல் விட்டிருந்தால் கார்டு ரீடரால் அதை உண்டாக்க முடியாது.

மூன்றாம் வழி: ட்ராக் பதிவு

ப்ளூடூத் வசதி இல்லாத பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதுவே கைகொடுக்கும். ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்லாகர் போன்ற இலவசச் செயலி நாம் நடக்கும் பாதையை நேரத்தோடு ஜிபிஎக்ஸ் கோப்பாகப் பதிவுசெய்யும். வீட்டுக்கு வந்து கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளிடம் படங்களையும் அந்தப் பாதையையும் கொடுத்தால், படம் எடுத்த நேரத்தைப் பாதையோடு பொருத்தி இடத்தை எழுதித் தரும். அதன்பிறகு செல்போனுக்கு மாற்ற வேண்டும். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைப் பக்கம் ஏறும்போது சிக்னல் போனாலும் கவலையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து வருவது. அதற்கு டேட்டா தேவையில்லை.

இந்த வழியில் எல்லாமே கேமரா கடிகாரத்தைப் பொறுத்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு ஒரு நிமிடப் பிசகு என்பது எண்பது மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பேருந்தில் மூன்று நிமிடம் பிசகினால் 2 கிலோமீட்டர். கல்லிடைக்குறிச்சியில் எடுத்த படம் ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரத்துப் பக்கம் போய் விழும். கிளம்பும் முன் செல்போன் திரையில் நொடியோடு தெரியும் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வையுங்கள். எவ்வளவு பிசகு என்று பிறகு கணக்கிட அது போதும். ஜிபிஎக்ஸ் கோப்பு உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவதால், நம் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

செல்போனுக்கு வந்த பிறகு

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த குறிப்பு தொலைவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் கொடுப்பது போல, இடக்குறிப்பு நீங்கிப் படம் மட்டும் போய்ச் சேரும். அதையே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு முழுதாகப் போகும். ஐபோனில் படத்தைப் பகிரும்போது மேலே ‘ஆப்ஷன்ஸ்’ என்று இருக்கும். அங்கே லொக்கேஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி பெறாத செயலிக்குப் படத்தை மட்டும் காட்டிவிட்டு இடத்தை மறைத்துவிடுவது வழக்கம். ஆகவே ஒரு செயலியில் இடம் தெரியவில்லை என்றதும் பதற வேண்டாம். கேலரியில் அந்தப் படத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். குறிப்பு கோப்பில் பத்திரமாக இருக்கும்.

எங்கே மறைக்க வேண்டும்?

ஆண்ட்ராய்டின் இந்தக் கெடுபிடி நல்லதுதான். குழந்தை விளையாடும் வீட்டு முற்றத்தின் புள்ளி ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. காட்டுயிர்ப் படங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நம் பக்கத்தில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. பறவைகளுக்காக 2005-இல் பாதுகாக்கப்பட்ட திருப்புடைமருதூர் இருக்கிறது. அரிய உயிரினத்தின் கூடு இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் போடுவது அதற்கு ஆபத்து. ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையில் உள்ள இனங்களின் புள்ளியைத் தானே மங்கலாக்கிக் காட்டுகிறது. மற்ற இடங்களில் அந்தப் பொறுப்பு நம்முடையது. மூலப்படத்தில் இடத்தை வைத்திருங்கள்; வெளியே போடும் நகலில் நீக்குங்கள்.

தீர்ப்பு

எடுக்கும்போது இடத்தை எழுத, கேமரா செயலி. செல்போனுக்கு மாற்ற, கார்டு ரீடர். செயலி தவறும் நாளுக்குக் காப்பாக, பின்னணியில் ஓடும் ட்ராக் பதிவு. இந்த மூன்றையும் சேர்த்துக் கையாள்வதுதான் என் பரிந்துரை. ஒன்றுக்குத்தான் வசதி என்றால் கார்டு ரீடரை வாங்குங்கள். அதற்கு ஈடாக இந்த விலையில் வேறெதுவும் இல்லை. கோயில் சிற்பம், கல்வெட்டு, பழைய வீடு, நீர்நிலை என்று ஊரைப் படம் பிடிக்கும் இளைஞர்கள் இன்றே கேமரா கடிகாரத்தைச் சரிசெய்து, ஒரே ஒரு படத்தை மாற்றி, அதன் விவரப் பக்கத்தில் புள்ளி சரியாக விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அதன்பிறகு தைரியமாகக் கிளம்புங்கள்.