ஒரு வரியை ஏன் இரண்டு முறை வாசிக்கிறார்கள்?

சில வாரங்களாகக் கவியரங்கப் பதிவுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் மேடையேறினாலும் ஒரே பழக்கம். ஒரு வரி, அதே வரி மறுபடியும், ஒரு நிறுத்தம், பிறகு அடுத்த வரி, கைதட்டல். கேட்கக் கேட்க எனக்கு அலுப்புதான் வந்தது. ஏன் என்று யோசித்தேன்.

உருது முஷாயிராவிலும் முதல் அடியைத் திரும்பச் சொல்வார்கள். ஆனால் அங்கே அதற்கு ஒரு வேலை இருக்கிறது. கஜலில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு அடி. முதல் கண்ணியே இனி எல்லாம் எந்த இயைபில், எந்தச் சொல்லில் முடியும் என்று காட்டிவிடும். அப்புறம் கவிஞர் ஓர் அடியைத் திரும்பச் சொல்லும்போது, கேட்பவர் மனசுக்குள் முடிவைத் தேட ஆரம்பித்துவிடுவார். இயைபைத் தொட்டதுமே மிச்சத்தைக் கூட்டமே சேர்ந்து சொல்லும். பிடித்திருந்தால் 'முகர்ரர்', அதாவது இன்னொரு முறை, என்று கேட்பதும் கூட்டம்தான். நம் மேடையில் அந்த 'இன்னொரு முறை'யைக் கவிஞரே தனக்குக் கொடுத்துக்கொள்கிறார்!

நம்மிடம் காதுக்கான வடிவம் இல்லாமல் இல்லை. ஒரு நேரிசை வெண்பாவை வாய்விட்டுப் படித்துப் பாருங்களேன். இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல், முதலடியின் எதுகையோடு வந்து நிற்கும். நிறுத்தம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஈற்றடியில் ஒரு சீர் குறையும். முடிந்தது என்று காதுக்குத் தெரிந்துவிடும். குரலை ஏற்ற வேண்டியதே இல்லை. வெண்பாவின் ஓசைக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயரே செப்பலோசை, பேசுகிற தொனி.

1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' வழியாக வளர்ந்த புதுக்கவிதை பெரும்பாலும் கண்ணுக்கானது, தனியாக உட்கார்ந்து படிப்பது. யாப்பில்லாத கவிதை மேடைக்குப் போனபோது, கேட்பவர் காத்திருக்க அதில் எதுவும் இல்லை. அந்தக் காலி இடத்தைச் சிலேடையும் முரண்தொடரும் பிடித்துக்கொண்டன. திரும்பச் சொல்வது 'இதோ வெடி வருது' என்கிற அறிவிப்பாகிவிட்டது.

அப்துல் ரகுமானை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. வாணியம்பாடியில் தமிழ் கற்பித்தவர், தமிழில் கஜல் எழுதிப் பார்த்தவர். முஷாயிராவின் காத்திருப்பு என்னவென்று அறிந்தவருடைய நிதானம் அவர் வாசிப்பில் இருக்கிறது. பின்னால் வந்த பலர் அந்த நிறுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நகுலனின் ஒரு குட்டிக் கவிதையை இந்தப் பாணியில் வாசித்தால் துணுக்காகிவிடும். அதை ஒரே முறை, பேசுகிற குரலில், கைதட்டலுக்கு இடம் விடாமல் யாராவது மேடையில் வாசித்த பதிவு உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.