பூசாத நிறம்

கார்த்திகை வளர்பிறை ஏகாதசியோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் பனிக்காலம் பிறந்துவிடுகிறது. கைசிக ஏகாதசி எனப்படும் அன்று ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் கருடாழ்வாருக்கும் 108 பட்டுகள் சாத்துவது இங்குள்ள ஆண்டாள் கோயிலின் வழக்கம். குளிர் வந்துவிட்டது, இனிப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் காரணம். அதே இரவில் தெற்கே திருக்குறுங்குடியில், பாடியே பெருமாளை வணங்கிய பக்தன் நம்பாடுவானின் கதையைக் கைசிக நாடகமாக நடத்துவார்கள். அங்கே பனிக்காலம் பாட்டில் தொடங்குகிறது, இங்கே பட்டில்.

108 பட்டு என்றதும் பலருக்கு அதன் செழிப்புதான் முதலில் கண்ணில் படும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுக்கு. அரக்குக்குப் பின் கிளிப்பச்சை வந்தால் இரண்டுமே ஒரு படி ஏறி நிற்கின்றன. ஊதாவை அடுத்து மாம்பழ மஞ்சள் வந்தால் சன்னதியில் வெளிச்சம் கூடிவிடுகிறது. அதே மஞ்சள் இன்னொரு மஞ்சளுக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் சோர்ந்துபோகும். நிறம் தனியாக நிற்பதில்லை, பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது வாழ்கிறது என்று ஓவியப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறார்கள். இந்த ஊர் அதைப் பாடமாகப் படித்ததில்லை. பார்த்துப் பார்த்தே பழகியிருக்கிறது.

அன்றிலிருந்து தை பிறக்கும் வரை ஒன்றிலிருந்து இரண்டு மாதம். வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் வானத்தில் தங்கியிருக்கும். மேற்கே மலை காலையில் பாதி நாள் மூடிக் கிடக்கும். ஆறு மணிக்கே இருட்டு. பக்கத்து ராஜபாளையத்தில் 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலம் முதல் மில் வேலை ஊரின் நாடியாகிவிட்டது. இரவு ஷிப்ட் முடிந்து மப்ளரும் குல்லாவுமாகத் திரும்பும் தொழிலாளிகளுக்கு மார்கழி விடியல் சாம்பல் நிறத்தில்தான் வரும். இப்படி வெளிச்சம் குறைந்த காலத்தில் இந்த இரண்டு ஊர்களும் நிறத்தை எங்கிருந்து எடுக்கின்றன என்று கவனித்துப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரின் குளிர்கால அழகில் தூரிகைக்கு அதிகம் வேலையில்லை. குழைப்பதும் பூசுவதும் குறைவு. பொறுக்குவதும் அடுக்குவதும்தான் இங்கே கலை. இலை தன் பச்சையோடு வருகிறது, பூ தன் சிவப்போடு வருகிறது, காய் தன் ஊதாவோடு வருகிறது. கலைஞரின் கை அவற்றுக்கு இடம் சொல்கிறது.

ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியை எடுத்துக்கொள்வோம். அது உலோகத்தில் வார்த்த கிளி அல்ல. நாள்தோறும் புதிதாகக் கட்டப்படும் இலைக்கிளி. அலகு மாதுளம்பூ. உடல் மரவல்லி இலை. சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். வாலுக்கு வெள்ளரளியும் செவ்வரளியும், மொட்டாகவே. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது வாழைநார். கண்ணுக்கு மட்டும் காக்காப்பொன். கட்டி முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். இதைப் பரம்பரையாகச் செய்துவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலை வாசித்துவிட்டுப் போய்விடக் கூடாது. ஒவ்வொரு தேர்விலும் ஒரு முடிவு இருக்கிறது. உடலில் சுற்ற வேண்டிய இலை மடிய வேண்டும். சிறகில் நிற்க வேண்டிய இலை விறைப்பாக இருக்க வேண்டும். அதனால்தான் இரண்டுக்கும் இரண்டு இலை. பச்சையும் அதனாலேயே இரண்டாகிறது. உடல் மங்கலாக, சிறகு பளபளப்பாக. உயிருள்ள கிளியிலும் உடலின் பச்சையும் சிறகின் பச்சையும் ஒன்றல்ல. வாலில் விரிந்த அரளியை வைத்தால் ஒரு மணி நேரத்தில் இதழ் தொங்கிவிடும். மொட்டு தன் நீளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். மாதுளம்பூவின் புறவிதழ் தடித்தது, மெழுகுத் தன்மை கொண்டது, வாடினாலும் சிவப்பு போகாது. அலகு உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் அதைவிட்டால் வேறு பூ ஏது? காக்காப்பொன் எண்ணெய் விளக்கில் மின்னும். சுடர் அசையும்போது கண்ணும் அசைகிறது. மின்விளக்கின் கீழ் அதே கண் வெறும் புள்ளி. ஆகவே கிளியைப் பார்க்கப் போகிறவர்கள் மாலையில், விளக்கேற்றிய பிறகு பார்க்க வேண்டும்.

வண்ணம் தீட்டிய மரக்கிளியைச் செய்துவைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்குமே என்று யாராவது கேட்கலாம். இருக்கும். ஆனால் ஒரே கிளியை ஒருமுறை நன்றாகச் செய்தவருக்கும், நேற்றைய கிளியின் கழுத்து சற்றுச் சாய்ந்துவிட்டதை நினைவில் வைத்துக்கொண்டு இன்று நார் முடிச்சை மாற்றிப் போடுகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. தினமும் முதலிலிருந்து தொடங்குவது கைக்குத் தரும் கூர்மையை வேறெதுவும் தராது.

பெரியாழ்வாரின் தொழிலே இதுதானே. நந்தவனம் வைத்தார், பூப் பறித்தார், மாலை கட்டினார். வடபத்ரசாயிக்குக் கட்டிய மாலையைச் சூடிப் பார்த்தவள் அவர் மகள் ஆண்டாள். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்குத் திருப்பதிக்கு இங்கிருந்து மாலை போகிறது. சித்திரையில் கள்ளழகருக்கு மதுரைக்குப் போகிறது. துளசியின் கரும்பச்சைக்கு நடுவே செவ்வந்தி எந்த இடைவெளியில் வர வேண்டும் என்பதை இந்த ஊர்க் கைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கின்றன. ஆண்டாள், வடபத்ரசாயி கோயில்கள் இரண்டுக்கும் நடுவில் இன்றும் அந்த நந்தவனம் இருக்கிறது. ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்களில் பாதிப்பேர் நந்தவனத்தில் நிற்பதில்லை. எனக்கு இது வருத்தம்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பகல்பத்து உற்சவத்தின் முதல் நாள் நடக்கும் பச்சைப் பரத்தலைத் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த வண்ணக் காட்சிகளில் ஒன்று என்பேன். ஆண்டாள் அன்று பிறந்த வீட்டுக்கு வருகிறாள். பெரியாழ்வார் வழிவந்த வேதபிரான் பட்டரின் திருமாளிகையில் அவளையும் ரங்கமன்னாரையும் வரவேற்கக் காய்கறிகளைப் பரப்பி வைக்கிறார்கள். சமைத்த விருந்து இல்லை, பச்சைக் காய்கள். மகள் கணவனோடு வருகிறாள், வீட்டில் என்னென்ன விளைந்தது என்று கண்ணால் பார்க்கட்டும் என்ற பெற்றோரின் பெருமை அதில் இருக்கிறது. திரட்டுப்பாலும் உண்டு.

காய்கறி எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். கூடையில் கலந்து கிடக்கும்போது அதை யாரும் நிறமாகப் பார்ப்பதில்லை. இனம் இனமாகப் பிரித்துத் தரையில் பரப்பியதும் கத்தரியின் ஊதா தனியாகப் பேசத் தொடங்குகிறது. வெண்டையின் பச்சையும் அவரையின் பச்சையும் ஒன்றல்ல என்று அப்போதுதான் தெரிகிறது. பூசணியின் மேல் படிந்த சாம்பலைக் கையால் துடைக்கத் தோன்றாது. அந்தச் சாம்பல்தான் பக்கத்தில் இருக்கும் பரங்கியின் காவியைத் தூக்கிக் காட்டுகிறது. குளிர்காலக் காய்களுக்கு ஒரு இறுக்கம் உண்டு. தோல் மினுங்கும். ஆடியில் இதே பரத்தலைச் செய்தால் இந்த அழகு வராது.

மார்கழியின் முதல் நாளில் திருப்பாவையின் 30 பாசுரங்களும் பொறித்த பட்டு ஆண்டாளுக்குச் சாத்தப்படுகிறது. அவள் எழுதியதையே அவள் உடுத்துகிறாள். மார்கழி கடைசியில் நீராட்டம். திருமுக்குளக் கரை மண்டபத்தில் எட்டு நாள் எண்ணெய்க் காப்பு நடக்கும். மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய அந்தத் தைலத்தில் நிறத்தைவிட மணம்தான் பேசும். பனியில் வறண்ட தோலுக்கு எண்ணெய் என்ற வீட்டு வழக்கம் தெய்வத்துக்கும் உரியதாகிவிட்டது.

இனிக் கோலம். இதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு அதிகம்.

நல்ல கோலத்தின் முதல் நிறம் தரையின் நிறம். மண் வாசலில் சாணம் கரைத்துத் தெளித்தால் தரை பச்சையும் பழுப்பும் கலந்த ஆழ்ந்த நிறத்துக்கு வரும். பனியில் அது சீக்கிரம் காயாது. அந்த ஈரத்தில் மாவு விழுந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும், காற்றில் பறக்காது, வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். மார்கழிக் கோலம் மற்ற மாதக் கோலங்களைவிடக் கூர்மையாகத் தெரிவதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

கோலம் போடுகிறவரின் திறமையைப் பார்க்க வேண்டுமானால் தூரத்தில் நின்று முழு உருவத்தை ரசித்தது போதும், குனிந்து இழையைப் பாருங்கள். ஒரு சிட்டிகை மாவு தீர்ந்து அடுத்த சிட்டிகை தொடங்கும் இடம் எங்கே? பழகாத கையில் அங்கே ஒரு முடிச்சு தெரியும், அல்லது இழை மெலிந்து மறுபடி தடிக்கும். தேர்ந்த கை அந்த இணைப்பை வளைவில் மறைத்துவிடும். சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஒரே இழை கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். வழியில் தயங்கினால் தயக்கமும் கோலத்தில் பதிந்துவிடும். புள்ளிகளின் ஒழுங்கிலிருந்து இழைகள் பிறக்கும் விதியை ஆராய்ந்து கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியை ஒட்டி வளர்ந்த அந்த ஆய்வு கோலத்துக்கு ஒரு இலக்கணமே எழுதிக் காட்டியது. அதுவரை வாசல் பெருக்கும் வேலையின் மிச்சமாக எண்ணப்பட்டது, உலக ஆய்வு ஏடுகளில் இடம் பெற்றது.

வெள்ளை இழைக்கு நடுவே சாண உருண்டை, அதன் மேல் பரங்கிப்பூ. மார்கழிக்கு இதுதான் வண்ணம், ஒரே வண்ணம். பரங்கிக்கொடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வந்து சில நூற்றாண்டுகளுக்குள் மார்கழியின் அடையாளமே ஆகிவிட்டது என்றால் நம் பெண்கள் அந்த மஞ்சளைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் பொருள். கொடியில் எந்தப் பூவைப் பறிப்பது என்பதிலும் அறிவு இருக்கிறது. பிஞ்சு பிடிக்காத ஆண்பூவைப் பறிப்பார்கள், அதிலும் மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவைப்பார்கள். காய்க்கும் குறைவில்லை, வாசலுக்கும் குறைவில்லை.

இன்று கடைக்குக் கடை வண்ணப்பொடி பாக்கெட் தொங்குகிறது. ராஜபாளையத்துத் தெருக்களிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிகளிலும் மார்கழி காலையில் மயிலும் தாமரையும் பானையும் ரோஸ், ஊதா, நீலப் பொடிகளில் நிரம்பிக் கிடக்கின்றன. நாலரை மணிக்கு எழுந்து இடுப்பு வலிக்கக் குனிந்து நிரப்புகிற அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அதில் மகிழ்ச்சி இருக்கிறது, பக்கத்து வீட்டோடு போட்டி இருக்கிறது, குழந்தைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். ஆனாலும் கோலம் அங்கே தோற்றுப்போகிறது என்பேன். நிறம் நிரப்ப ஆரம்பித்ததும் இழை வெறும் எல்லைக்கோடாகச் சுருங்கிவிடுகிறது. எல்லா நிறமும் ஒரே அளவு கத்துவதால் கண் எதிலும் தங்குவதில்லை.

இதற்குப் பெண்களின் ரசனையைக் குறை சொல்வது அநியாயம். காரணம் தரை. மண் வாசல் போய் சிமென்ட் வந்தது. வெளிறிய சாம்பல் தரையில் வெள்ளைமாவு எடுபடுவதில்லை. எவ்வளவு அழகாக இழுத்தாலும் நாலடி தள்ளி நின்றால் தெரியாது. அப்போது கை தானாக வண்ணப்பொடியைத் தேடுகிறது. ஆனால் இதற்கு நம்மிடமே பழைய தீர்வு இருக்கிறது: காவி. செம்மண்ணைக் கரைத்து வாசலில் முதலில் ஒரு பட்டை பூசிவிட்டால் சிமென்ட்டுக்கும் ஒரு ஆழம் வந்துவிடும். கோயில் மதில்களில் வெள்ளையையும் காவியையும் மாற்றி மாற்றிப் பூசியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. இந்த ஊரில் பூசத் தகுந்த ஒரே நிறம் அதுதான் என்பது என் எண்ணம்.

குளிர்கால இன்பங்களில் நாக்குக்கும் பங்கு உண்டு. விறகடுப்பில் கிண்டிய இந்த ஊர்ப் பால்கோவாவை ஆறுவதற்கு முன் வாங்கிச் சாப்பிட மார்கழிதான் ஏற்ற மாதம். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நிறமும் பூசியதல்ல. பால் சுண்டச் சுண்ட வந்த இளம் பழுப்பு. வெள்ளை வெளேரென்று இருந்தால் வாங்காதீர்கள்.

வருகிற மார்கழிக்கு வண்ணப்பொடி வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். வாசல் சிமென்ட்டாக இருந்தால் காவி பூசுங்கள். அரிசிமாவில் இழை இழுங்கள், மீந்தது எறும்புக்கு. சாணம் கிடைக்காத அடுக்குமாடியில் ஒரு சிறு களிமண் உருண்டை போதும், பூவைத் தாங்கி நிற்கும். பிறகு ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து போங்கள். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் நேராக வருகிறது, மதுரையிலிருந்து பஸ் எந்நேரமும் உண்டு. பச்சைப் பரத்தலுக்கு வருவதானால் வைகுண்ட ஏகாதசி என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, அதற்குப் பத்து நாள் முன்பே வந்துவிடுங்கள். கோலம் பார்க்க மட்டும் என்றால் மார்கழியில் எந்த நாளும் சரி, ஆனால் காலை ஏழு மணிக்குள் தெருவில் இருக்க வேண்டும். பரங்கிப்பூ வெயில் ஏறினால் கூம்பிவிடும்.